காசு கட்டியாச்சு!

உல்லாசக் கப்பலில் ஏறும் தமிழ்த் தம்பதிகளில் ஒரு ரகம் உண்டு. கணவர் பணி ஓய்வு பெற்றவர். அநேகமாக மின்வாரியம், பொதுப்பணித் துறை அல்லது வங்கி. மனைவி, அவரை வீட்டில் ஓய்வெடுக்க விடாதவர். மகளோ மகனோ சிங்கப்பூரில் இருப்பார்கள். திருச்சியிலிருந்து நேரடி விமானம், செங்காங்கில் அடுக்குமாடி வீடு, பேரனுக்கு அட்டைப்பெட்டியில் கட்டிக்கொண்டு வந்த அதிரசம். செந்தோசா, மண்டாய் மிருகக்காட்சிசாலை, முஸ்தபா எல்லாம் சுற்றிக் காட்டிய பிறகு, மிச்ச நாட்களுக்கு இவர்களை என்ன செய்வது என்று பிள்ளைகள் விழிக்கும் கட்டத்தில்தான் கப்பல் யோசனை பிறக்கிறது. மரீனா பே துறைமுகத்தில் ஏற்றி, பினாங்கையும் புக்கெட்டையும் காட்டி, ஐந்து இரவு சோறு போட்டு, ஏற்றிய இடத்திலேயே இறக்கிவிடுவார்கள். பெற்றோருக்கு நாலு ஊர் பார்த்தாற்போலவும் ஆயிற்று, பிள்ளைகளுக்குக் கொஞ்சம் மூச்சு விட்டாற்போலவும் ஆயிற்று.

இந்த ரகத்துக் கணவரை நம்மவர் என்றும் மனைவியை அம்மணி என்றும் வைத்துக்கொள்வோம். சாப்பாட்டு மேஜையில் எனக்கு எதிரே வாய்த்த நம்மவர் தணிக்கைத் துறையில் இருந்தவர். அவருடைய கொள்கை இரண்டே சொல்: "காசு கட்டியாச்சு." கட்டியாகிவிட்ட காசைக் கரை சேர்வதற்குள் கப்பலிடமிருந்து வசூலித்தாக வேண்டும். அம்மணிக்குக் காசுக் கணக்கு கிடையாது, ஆள் கணக்குதான். கப்பலில் யார் யார், எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், யாருக்கு இன்னும் கல்யாணம் தகையவில்லை என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

அறை எடுக்கும்போதே வேலை ஆரம்பமாகிவிடுகிறது. பால்கனி வைத்த அறை, ஜன்னல் மட்டும் உள்ள அறை, இரண்டும் இல்லாத உள்ளறை என்று மூன்று விலை. நம்மவர் உள்ளறைதான். "கப்பலைச் சுத்தி நாலு பக்கமும் கடல்தானே? அதைப் பார்க்கத் தனியா எதுக்குக் காசு? மேல போனா சும்மாவே பார்க்கலாம்." பேச்சில் நியாயம் இருக்கிறது. ஆனால் சும்மா கிடைப்பது என்று தெரிந்துவிட்டதால் அவர் கடைசிவரை மேலே போய் அதைப் பார்க்கவேயில்லை. காசு கட்டிய சங்கதிகளே தலைக்கு மேல் இருந்தன.

தேதியும் அவர் தேர்வுதான். வருஷத்திலேயே கட்டணம் குறைந்த வாரம். ஏன் குறைவு என்று விசாரிக்கும் வழக்கம் அவரிடம் இல்லை. செப்டம்பர் கடைசியில் பள்ளி விடுமுறை கிடையாது. தென்மேற்குப் பருவக்காற்று முழுசாக அடங்காததால் அந்தமான் கடல் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். கப்பல் கம்பெனிக்குத் தெரிந்த காரணங்கள் இவை. கம்பெனிக்குத் தெரியாத மூன்றாவது விஷயம் ஒன்று இருந்தது. அது புரட்டாசி மாதம். அம்மணி வீட்டில் புரட்டாசி முழுக்கக் கவுச்சி கிடையாது.

துறைமுகத்தில் பெட்டிகளை எக்ஸ்ரேயில் விட்டபோது அயர்ன் பாக்ஸ் மாட்டிக்கொண்டது. தீப்பிடிக்கும் பயத்தால் அயர்ன் பாக்ஸ், கெட்டில், எக்ஸ்டென்ஷன் போர்டு எதையும் ஏற்ற விடமாட்டார்கள். சீட்டு எழுதி வாங்கி வைத்துக்கொண்டு கடைசி நாள் தருவார்கள். "உள்ள துணி தேய்ச்சுக் குடுக்கக் காசு, அதான் பிடுங்குறான்" என்பது தணிக்கைத் துறையின் முடிவு. அம்மணி கொண்டுபோன பிளாஸ்டிக் மக் மட்டும் எந்தச் சட்டத்திலும் சிக்காமல் உள்ளே போயிற்று. காகிதத்தை நம்பும் கழிப்பறைகள் உள்ள கப்பலில் அந்த மக்கின் அருமை, கொண்டு வராத மற்ற தமிழ்க் குடும்பங்களுக்கு இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது.

கிளம்பும் முன் பாதுகாப்புப் பயிற்சி. 1912-இல் டைட்டானிக் மூழ்கிய பிறகு 1914-இல் நாடுகள் கூடிப் போட்ட ஒப்பந்தத்தின் வழிவந்த விதி இது. 2012-இல் இத்தாலியில் கோஸ்டா கான்கார்டியா என்ற கப்பல் கவிழ்ந்தபோது, அன்று புதிதாக ஏறியவர்களுக்கு இந்தப் பயிற்சி நடந்திருக்கவில்லை. அதிலிருந்து இன்னும் கறார். ஆபத்து என்றால் எந்த இடத்தில் கூட வேண்டும் என்று காட்டி, நம் அறை அட்டையை ஒரு கருவியில் தட்டிக்கொள்வார்கள். அம்மணி பயந்துபோய், "ஏங்க, நமக்கு எந்தப் படகு?" என்றார். நம்மவர் ஏற்கெனவே விசாரித்து வைத்திருந்தார். "உள்ளறைக்காரங்களுக்கும் படகு உண்டாம். கேட்டுட்டேன்."

இனி சாப்பாடு. கப்பல் என்று நாம் சொல்வதை நம்மவர் ஒரு சாப்பாட்டுக் கூடமாகத்தான் பார்க்கிறார். அது மிதப்பது ஒரு கூடுதல் வசதி. மேல்தளத்தில் காலையிலிருந்து இரவுவரை பஃபே. கீழே மேஜையில் உட்காரவைத்துப் பரிமாறும் பெரிய உணவுக்கூடம். நடுவே பீட்சா, ஐஸ்கிரீம், பிஸ்கட். இவை எல்லாம் கட்டணத்துக்குள் அடக்கம். ஜப்பானியச் சாப்பாடு, இத்தாலியச் சாப்பாடு என்று தனிக் கடைகள் சில உண்டு. அங்கே தனிக் காசு என்பதால் அந்தப் பக்கத்து நடைபாதையையே நம்மவர் தவிர்த்தார். மதுவுக்கு மொத்தமாக ஒரு பேக்கேஜ் உண்டு. ஆனால் அறையில் ஒருவர் எடுத்தால் மற்றவரும் எடுத்தாக வேண்டும். "இவ குடிக்கிற மோருக்கும் சேர்த்து நான் விஸ்கிக் காசு கட்டணுமா?" என்று நம்மவர் அன்றே மதுவிலக்குக்கு மாறினார்.

பஃபே வாசலில் கை கழுவச் சொல்லி ஒரு பெண் பாட்டுப் பாடிக்கொண்டு நிற்பாள். நோரோ வைரஸ் என்ற வயிற்றுப்போக்குக் கிருமி கப்பலில் நுழைந்தால் ஒரே நாளில் பரவிவிடும், அந்தப் பயம். நம்மவர் ஒழுங்காகக் கழுவுவார். பிறகு தட்டு எடுக்காமல், முதலில் வெறுங்கையோடு முழுக் கூடத்தையும் ஒரு சுற்று வருவார். ஆய்வு. எது விலை கூடின சரக்கு, எது வயிறை அடைக்க வைத்த சரக்கு என்று பிரித்துக்கொள்வார். "ரொட்டிப் பக்கம் போகாதே, அது ஏமாத்து வேலை. பாதாம், முந்திரி, சீஸ், அந்தப் பக்கம் போ" என்பது அம்மணிக்கு அவர் தந்த அறிவுரை.

அம்மணி அதைக் காதில் வாங்குவதே இல்லை. அவர் நேரே வெள்ளைச் சோறு இருக்கும் இடத்துக்குப் போனார். காலைச் சிற்றுண்டிக்காரர்கள் பழத்தோடு தின்ன வைத்திருந்த கெட்டித் தயிரில் மூன்று கிண்ணம். காபி மேஜையிலிருந்து ஒரு குவளை பால். உப்புப் பொட்டலம் இரண்டு. ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்து, வளையலை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு, சோற்றை விரலால் நசுக்கி, பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, தயிரைக் கொட்டி, உப்பைத் தூவி ஒரு பிசை. கைப்பையிலிருந்து சின்ன டப்பா வெளியே வந்தது. நார்த்தங்காய். பக்கத்து மேஜை ஆஸ்திரேலியக் கிழவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு இதையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்தவருக்குக் கொடுக்காமல் சாப்பிட்டால் வயிறு வலிக்கும் என்பது அம்மணி வளர்ந்த விதம். ஒரு துண்டு வைத்தார். கிழவர் கடித்தார். இரண்டு நிமிடம் பேச்சில்லை. மறுநாள் மத்தியானம் மனைவியையும் கூட்டிக்கொண்டு அதே மேஜையைத் தேடி வந்தார்.

இரவுச் சாப்பாடு உணவுக்கூடத்தில். தினமும் அதே மேஜை, அதே பரிமாறும் பையன். நெஞ்சில் குத்திய பெயர்ப்பட்டையில் 'இந்தியா' என்று பார்த்ததும் அம்மணி தமிழிலேயே ஆரம்பித்தார். தூத்துக்குடிப் பையன். சூப் வருவதற்குள் அப்பாவுக்கு உப்பளத்தில் வேலை என்பதும், ரொட்டி வருவதற்குள் தங்கைக்கு வரன் பார்க்கிறார்கள் என்பதும், ஒப்பந்தம் முடிய இன்னும் நாலு மாதம், அதுவரை வார விடுமுறை என்று ஒன்றில்லை என்பதும் தெரிந்துவிட்டன. சம்பளத்தைக் கேட்டார். பையன் சிரித்து மழுப்பினான். அடுத்த இரவு பாதாம் அல்வா ஒரு துண்டைத் தந்து மறுபடி கேட்டார். சொல்லிவிட்டான். அன்றிலிருந்து அவர் கேட்காமலேயே தயிரும் எலுமிச்சை ஊறுகாயும் மேஜைக்கு வந்தன.

கடல் உணவு இரவு வந்தது. உணவுப் பட்டியல் அட்டையில் நண்டு, பூண்டு வெண்ணெயில் புரட்டிய இறால், சால்மன். எத்தனை தட்டு கேட்டாலும் கொண்டுவருவான். எல்லாம் கட்டணத்துக்குள் அடக்கம். நம்மவர் அட்டையை நெடுநேரம் படித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"இந்தா பாரு, கரையைவிட்டு எவ்வளவு தூரம் வந்துட்டோம் தெரியுமா? இது சர்வதேசக் கடல். எந்த நாட்டுச் சட்டமும் இங்க செல்லாது. அதனாலதான் சூதாட்டக் கூடத்தையே துறைமுகத்துல பூட்டி வச்சிருந்து இப்ப திறந்திருக்கான்."

"அதுக்கு?"

"புரட்டாசி மட்டும் எப்படிச் செல்லும்?"

அம்மணி ரொட்டியில் வெண்ணெய் தடவுவதை நிறுத்தவில்லை. "பெருமாள் எங்க படுத்திருக்கார்?"

நம்மவரிடமிருந்து பதில் இல்லை.

"கடல்லதானே? இத்தனை நாளா தூர இருந்து கும்பிட்டோம். இப்பத்தான் அவர் பக்கத்துலயே வந்திருக்கோம். பேசாம பன்னீரைச் சாப்பிடுங்க."

சாப்பிட்டார். அதற்கான நஷ்டஈட்டை இனிப்பில் எடுத்துக்கொண்டார். சாக்லேட் கேக், சீஸ் கேக், ஆப்பிள் பை, இரண்டு உருண்டை ஐஸ்கிரீம், கூடவே சர்க்கரை மாத்திரை. அன்று இரவு பார்த்துப் புக்கெட் போகும் வழியில் கடல் புரண்டது. பெரிய கப்பல்களில் ஆட்டத்தைக் குறைக்க இரு பக்கமும் துடுப்பு வைத்திருப்பார்கள். இருந்தும் உள்ளறையில் அடிவானம் தெரியாததால் தலைசுற்றல் அதிகம். ஊரிலிருந்து கொண்டுபோன அவோமின் மாத்திரை முதலில் இறங்கி, வந்த வேகத்தில் மேலே வந்தது. அறைப் பணியாளர் பச்சை ஆப்பிள் இரண்டு கொண்டுவந்து கொடுத்தார். கப்பல்காரர்களின் கைவைத்தியம் அது. நம்மவர் கட்டிலில் கிடந்தபடியே கேட்டார்: "இதுக்குத் தனிக் காசா?"

பாட்டு, நடனம், பனிச்சறுக்கு நிகழ்ச்சி பற்றியெல்லாம் சொல்ல அதிகமில்லை. நம்மவர் எல்லாவற்றுக்கும் அரை மணி முன்னதாகப் போய் முன்வரிசையில் துண்டு போட்டார். விளக்கு அணைந்ததும் தூங்கினார். அம்மணிக்குப் பிடித்த கலை வேறு. தினமும் சாயங்காலம் அறைப் பணியாளர் துண்டை மடித்துக் கட்டில்மேல் ஒரு மிருகம் செய்து வைப்பார். முதல் நாள் யானை. அம்மணி கன்னத்தில் போட்டுக்கொண்டு அதை மேஜைமேல் கிழக்குப் பார்த்து வைத்துவிட்டார். இரண்டாம் நாள் குரங்கு, ஆஞ்சநேயர். மூன்றாம் நாளிலிருந்து குளித்துவிட்டுத் துடைக்கத் துண்டில்லை. முறையான உடையில் வரவேண்டிய விருந்தன்று அவர் காஞ்சிப் பட்டிலும், நம்மவர் மகள் வரவேற்புக்குத் தைத்த கோட்டிலும் வந்தார்கள். கப்பல் புகைப்படக்காரர் படிக்கட்டில் நிறுத்தி எடுத்தார். ஒரு பிரதியின் விலையைக் கேட்டதும், மாட்டி வைத்திருந்த படத்தைத் தன் போனில் படம் எடுக்கப் போய், மெதுவாகக் கையைப் பிடித்து விலக்கப்பட்டார் நம்மவர்.

பினாங்கில் கப்பல் நேரே ஸ்வெட்டன்ஹாம் துறைக்கே போய் ஒட்டும். பினாங்கு மலை ரயில், கெக் லோக் சி கோயில் என்று கப்பல்காரர்களே பேருந்து வைத்துக் கூட்டிப்போவார்கள். அதன் விலையை நம்மவர் ஒரு பார்வை பார்த்தார். "நடந்தா லிட்டில் இந்தியா கால் மணி நேரம். நம்ம ஊரைப் பார்க்க எதுக்குக் கைடு?" வெயிலில் நடந்தார்கள். ஜார்ஜ் டவுன் 2008-லிருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது; அந்தப் பழைய வீதிகளில் அம்மணியின் கண்ணுக்குப் பட்டது மல்லிகைப்பூச் சரத்தின் விலை. நாசி கண்டார் கடை ஒன்றின் முன்னால் நம்மவரின் கால் தானாக நின்றது. தோளில் கம்பு வைத்து இரு பக்கமும் சட்டி தொங்கவிட்டு விற்ற தமிழ் முஸ்லிம்கள் இந்த ஊருக்குத் தந்த சாப்பாடு அது. பெரிய தட்டுகளில் இறால், மீன்தலை, ஆட்டுக்கறி, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று குழம்பு ஊற்றி. "புரட்டாசி" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. கால் நகர்ந்தது.

குயின் தெருவில் 1833-இல் கட்டிய மகாமாரியம்மன் கோயில் இருக்கிறது. கும்பிட்டுவிட்டு வெளியே வந்து நிழலில் நின்றபோதுதான் அம்மணி சொன்னார். அவருடைய தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி இதே பினாங்கில்தான் வந்து இறங்கினாராம். 1926-லிருந்து 1970-களின் தொடக்கம்வரை சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே நாகப்பட்டினம், பினாங்கு வழியாக ஓடிய கப்பல் அது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்ற ஒருகாலத்தில் அதற்கு உரிமம் இருந்தது. பாயும் டிரங்குப் பெட்டியுமாகக் கிடந்து வந்தார்கள். நம்மவர் வந்த கப்பல் அதைவிட இருபது மடங்கு பெரிசு. ஆள் கணக்கு ஏறக்குறைய அதேதான்.

"அப்ப டெக் டிக்கெட் என்ன விலை இருந்திருக்கும்?" என்றார் நம்மவர்.

"விலை தெரியாது. கடன் வாங்கித்தான் வந்தாராம். அதை அடைக்கவே நாலு வருஷம் ஆச்சுன்னு பாட்டி சொல்லும்."

நம்மவர் கோயிலுக்குள் திரும்பிப் போய் உண்டியலில் பத்து ரிங்கிட் போட்டார். மீதிச் சில்லறை வராது என்று தெரிந்தே போட்டார். பிறகு இருவரும் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை ஒன்றில் உட்கார்ந்து, சாம்பார், ரசம், அப்பளம் என்று முழுச் சாப்பாட்டை ஒரு பிடி பிடித்தார்கள். கப்பலில் அதே நேரம் இலவச மத்தியானச் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. அதைப் பற்றி நம்மவர் ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்று முறை ரசம் கேட்டார்.

புக்கெட்டில் எங்கள் கப்பல் துறையில் ஒட்டவில்லை. பதோங் கடற்கரைக்கு எதிரே நங்கூரம் போட்டுவிட்டு, சின்னப் படகுகளில் ஆளை ஏற்றிக் கரைக்கு அனுப்பினார்கள். இங்கேயும் நம்மவர் கப்பலின் சுற்றுலாவில் சேரவில்லை. ஜேம்ஸ் பாண்ட் படம் எடுத்த பாறைத்தீவைப் பார்க்கப் போனவர்கள் போக, இவர்கள் கடற்கரையோரம் துக்துக்கில் ஒரு சுற்று சுற்றினார்கள். நடந்தது இதுதான்: தாய்லாந்து மணி சிங்கப்பூர் மணியைவிட ஒரு மணி நேரம் பின்னால். கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே இருந்தது. காலையில் ஒலிபெருக்கியில் மூன்று முறை சொன்னார்கள். நம்மவரின் போன் கரையேறியதும் தானாகவே தாய்லாந்து நேரத்துக்கு மாறிக்கொண்டது. "இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு" என்று இளநீர்க் கடையில் பேரம் பேசிக்கொண்டிருந்தவர், அம்மணியின் பழைய கைக்கடிகாரத்தைத் தற்செயலாகப் பார்த்தார்.

கப்பல் ஏற்பாடு செய்த சுற்றுலாவில் போனவர்கள் தாமதித்தால் கப்பல் காத்திருக்கும். தனியாகப் போனவர்களுக்காக ஒரு நிமிடம்கூட நிற்காது. பதோங் மணலில் ஒருவர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டும், ஒருவர் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டும் ஓடியதைப் படகில் இருந்த எல்லோரும் பார்த்தோம். சிலர் கைதட்டினார்கள். கடைசிப் படகின் கயிற்றை அவிழ்க்கப் போன பிலிப்பைன்ஸ் ஊழியர் அம்மணியின் கையைப் பிடித்துத் தூக்கிப் போட்டார். உட்கார்ந்து மூச்சு வாங்கியபின் நம்மவர் என்னிடம் சொன்னார்: "எனக்காக நிறுத்தி வச்சிருந்தான் பார்த்தீங்களா? அவ்வளவு காசு வாங்குறான்ல."

கடைசி இரவு, பெட்டிகளை வாசலில் வைத்துவிட்டு எல்லோரும் வரவேற்பு மேஜை முன் வரிசையில் நின்றார்கள். தலைக்கு, நாளுக்கு இவ்வளவு என்று ஊழியர் டிப்ஸ் பில்லில் ஏறியிருந்தது. கேட்டால் எடுத்துவிடுவார்கள். நம்மவர் கேட்கத்தான் நின்றார். முறை வருவதற்குள் அம்மணி வந்து சேர்ந்தார்.

"அந்தத் தூத்துக்குடிப் பையன் தினம் தயிர் கொண்டாந்து குடுத்தானே, அவன் பங்குலயா கை வைக்கப் போறீங்க?"

"அதுவும் நம்ம கட்டணத்துல அடக்கம்டி."

"தயிர் அடக்கம். அவன் கேக்காம குடுத்தானே, அது அடக்கமா?"

தணிக்கையில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தவருக்கு இதற்கு விதி எண் கிடைக்கவில்லை. வரிசையைவிட்டு வந்துவிட்டார். அம்மணி பையனிடம் முறுக்குப் பொட்டலமும், முந்தானையில் முடிந்திருந்த 500 ரூபாய் இந்திய நோட்டும் கொடுத்தார். தங்கையின் ஜாதகத்தை வாட்ஸப்பில் அனுப்பச் சொல்லி நம்பரும் வாங்கிக்கொண்டார். திருச்சியில் ஒரு பையன் இருக்கிறானாம்.

கப்பலில் போவதாக இருந்தால் உங்களுக்கு ஒரே வேண்டுகோள். சாப்பாட்டு மேஜையில் இந்த ரகம் எதிரே வாய்த்தால் தாராளமாகப் பேசுங்கள். அம்மணியின் நார்த்தங்காயைக் கட்டாயம் வாங்கிச் சாப்பிடுங்கள். ஆனால் நீங்கள் எவ்வளவு காசு கட்டினீர்கள் என்று மட்டும் வாயைத் திறக்காதீர்கள். நான் திறந்தேன், அது முதல் மூன்று இரவும் வேறு பேச்சே இல்லை. எப்படிக் கூட்டிக் கழித்தாலும் நம்மவர் உங்களைவிடக் குறைவாகத்தான் கட்டியிருப்பார். டிக்கெட் எடுத்துக் கொடுத்தது மகள்.